நவமியில் விடியும் கிளாவியஸ்

டெலஸ்கோப் வாங்கிய புதிதில் நான் செய்த முதல் தப்பு, பௌர்ணமி அன்றைக்குத் தெருவையே மொட்டை மாடிக்குக் கூப்பிட்டது. ஆறு அங்குலக் கண்ணாடி போட்ட டாப்சோனியன் வகை டெலஸ்கோப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகவே எனக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் மூச்சு வாங்கிவிட்டது. ஒரு வாரமாகவே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: நிலாவின் தெற்குப் பக்கம் கிளாவியஸ் என்று ஒரு பள்ளம் இருக்கிறது, குறுக்களவு 231 கிலோமீட்டர், பரப்பளவு கணக்கு போட்டால் கேரளாவைவிடக் கொஞ்சம் அதிகம், வந்து பாருங்கள் என்று. வந்தார்கள், பார்த்தார்கள். "கண்ணு கூசுதுப்பா" என்றார் எதிர்வீட்டு மாமா. கீழ்வீட்டு அக்கா "வெள்ளையா இருக்கு, எங்க அந்தப் பள்ளம்?" என்று கேட்டார். நான் குனிந்து தேடினேன், தேடினேன், எனக்கே அகப்படவில்லை. கேரளாவைவிடப் பெரிய ஒன்றைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

அன்று தெரிந்தது டைக்கோ என்ற இன்னொரு பள்ளம் மட்டும்தான். சாத்துக்குடிக் காம்பு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் வெள்ளைக் கீற்றுகள். பையன் அதைக் காட்டி "இதுதானா அண்ணா?" என்றான். இல்லை, இது வெறும் 85 கிலோமீட்டர், நான் சொன்னது இதற்குத் தெற்கே என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சரி, இதையே பாருங்கள் என்று சமாளித்தேன். வந்தவர்கள் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.

எதனால் இப்படி ஆனது என்று யாருக்கும் விளக்கவில்லை, எனக்கே அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. கொத்தனார் சுவர்ப் பூச்சு மட்டமாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்? விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிப்பார். நேரே வெளிச்சம் அடித்தால் வழுவழுவென்று தெரியும் சுவர், பக்கவாட்டில் அடித்ததும் மேடும் குழியுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பௌர்ணமி என்பது நேரே அடிக்கும் விளக்கு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், நிலா நமக்கு முன்னால், அங்கே விழும் நிழல் ஒவ்வொன்றும் அதை விழவைத்த பாறைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது, வெளுப்பு கருப்பு மட்டும்தான் தெரியும். டைக்கோ புதுசு, 10.8 கோடி வயதுதான் என்கிறார்கள், அதனால் அது சிதறடித்த தூள் இன்னும் வெளுப்பாக இருக்கிறது, பளிச்சென்று தெரிகிறது. கிளாவியஸுக்கு வயது சுமார் 400 கோடி. அதற்கென்று தனி நிறம் எதுவும் மிச்சமில்லை. சுற்றியிருக்கும் தரை என்ன நிறமோ அதுவும் அதே நிறம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கொடுத்த மனுஷனுக்கும் நிலவில் பள்ளம் தெரியவில்லை!

கிறிஸ்டோபர் கிளாவியஸ் ஜெர்மனியின் பாம்பெர்க் ஊர்க்காரர், 1538-இல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி, ரோமாபுரியில் சபையின் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் அவர் கை இருக்கிறது. 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்தார்களே, போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் அந்தத் திருத்தத்துக்கான யோசனை லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவருடையது என்றாலும், அதைக் கணக்கு வைத்துச் சரிபார்த்து, அப்புறம் எதிர்த்தவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவர் கிளாவியஸ். 1610-இல் கலிலியோ தன் தொலைநோக்கியில் கண்டதை அச்சடித்து வெளியிட்டார்: நிலவில் மலைகள் உண்டு, பள்ளங்கள் உண்டு, வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகள் உண்டு. மறு வருஷம் ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மின், இதெல்லாம் நிஜமா என்று ரோமாபுரிக் கல்லூரியின் கணக்கு வாத்தியார்களைக் கேட்டார். கிளாவியஸும் இன்னும் மூன்று பேரும் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார்கள். அவர்களும் ஒரு தொலைநோக்கி வைத்துப் பார்த்திருந்தார்கள். வியாழனின் நிலவுகள் உண்மை, வெள்ளிக்கும் நம் நிலவைப் போலவே பிறை உண்டு. நிலவின் மேடு பள்ளம்? அங்கேதான் ஒரு சின்ன இழுபறி. பாதர் கிளாவியஸின் கருத்துப்படி நிலவின் மேற்பரப்பு மேடு பள்ளமானது அல்ல, உள்ளே சில பகுதி அடர்த்தியாகவும் சில பகுதி அடர்த்தி குறைவாகவும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்பதே அதிகம் பொருத்தம். மற்றவர்கள் உண்மையிலேயே மேடு பள்ளம்தான் என்று நினைக்கிறார்கள். பதிலில் இப்படியே எழுதிவிட்டார்கள்.

இதை வைத்துக் கிளாவியஸைக் கிண்டல் செய்வது ரொம்பச் சுலபம், பலர் செய்திருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். எழுபது வயதைத் தாண்டிய கண், அந்தக் காலத்துத் தொலைநோக்கி, காட்சி பரப்போ நிலவில் கால்வாசிகூடத் தேறாது. என்னிடம் ஆறு அங்குலக் கண்ணாடியும் இன்டர்நெட்டும் இருந்தும் பௌர்ணமி அன்று எனக்கு என்ன கிடைத்தது? வெளுப்பும் கருப்பும்தான். அதாவது அடர்த்தி கூடின இடமும் குறைந்த இடமும்! அந்த ராத்திரி என்னிடம் கேட்டிருந்தால் நானும் பாதர் பக்கம்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். 1612 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். 1651-இல் ரிச்சியோலி என்ற இன்னொரு இயேசு சபைக்காரர் நிலவுப் படம் வெளியிட்டபோது, பள்ளம் என்பதை ஒத்துக்கொள்ளாத பெரியவரின் பெயரை நிலவிலேயே மிகப் பெரிய பள்ளங்களில் ஒன்றுக்கு வைத்துவிட்டார். கலிலியோ பெயரில் இன்று நிலவில் இருப்பது 15 கிலோமீட்டர் பள்ளம், என் டெலஸ்கோப்பில் அதைத் தேடி எடுக்கவே பொறுமை வேண்டும்.

சரி, பார்க்க வேண்டிய நாளுக்கு வருகிறேன்.

கிளாவியஸ் இருப்பது தென் அட்சம் 58 டிகிரி, நடுக்கோட்டிலிருந்து மேற்கே 14 டிகிரி. அரைநிலவு அன்று வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான கோடு நிலவின் நடுவில் நிற்கும். அது அஷ்டமி. அந்தக் கோடு கிளாவியஸின் கிழக்குச் சுவரைத் தொட இன்னும் அரை நாள், முக்கால் நாள் ஆகும், அதாவது நவமி. மேற்குச் சுவரைத் தாண்டும்போது தசமி ஆகியிருக்கும். நிலவு லேசாகத் தலையாட்டுவதால் மாதத்துக்கு மாதம் சில மணி நேரம் முன்னே பின்னே போகும், ஆனால் பஞ்சாங்கத்தில் வளர்பிறை நவமி என்று பார்த்துவிட்டு மாடிக்குப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. வீட்டில் புது வண்டி எடுப்பதிலிருந்து புடவை வாங்குவது வரை தள்ளிவைக்கும் நாள், இதற்கு அதுதான் சுபதினம்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "பௌர்ணமிக்கே ஒண்ணும் காட்டல, நவமிக்குக் காட்டப் போறியா? போடா" என்றார்.

அன்று ஏழரை மணிக்கெல்லாம் ஆளில்லாத மாடியில் தனியாக உட்கார்ந்து 25 மில்லிமீட்டர் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைப் போட்டேன். ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், புத்தகத்தில் இருக்கும் நிலவுப் படமெல்லாம் வடக்கு மேலே, தெற்கு கீழே என்று அச்சடித்தது, திருச்சி வானத்தில் நிலா அப்படி நின்று போஸ் கொடுப்பதில்லை. தலைக்கு மேலே ஏறி, அப்புறம் மேற்கே சாயும்போது நிலவின் தெற்கு நமக்கு இடதுகைப் பக்கம் இருக்கும், டாப்சோனியன் அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவதால் ஐபீஸுக்குள் வலதுகைப் பக்கம் போய்விடும். இந்தக் குழப்பத்திலேயே முதல் மாதம் எனக்குப் போயிற்று. நவமி அன்று அந்தக் குழப்பமெல்லாம் தேவைப்படவில்லை. வெளிச்சக் கோட்டில் யாரோ கடித்து எடுத்த மாதிரி ஒரு பெரிய கரிய விரிகுடா. கூர்மையான கண் உள்ளவர்களுக்கு வெறுங்கண்ணிலேயே அந்த இடம் ஒரு சின்ன நெளிவாகத் தெரியும் என்பார்கள், எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, அதை விடுங்கள்.

10 மில்லிமீட்டர் ஐபீஸுக்கு மாற்றி 120 மடங்கில் பார்த்தபோது வாயை மூட மறந்துவிட்டேன். தரை முழுக்கக் கும்மிருட்டு. அதற்கு அப்பால், ராத்திரிக்குள்ளேயே, மேற்குச் சுவரின் உச்சிகள் தனித்தனிப் புள்ளிகளாக எரிகின்றன, தரைக்கு வராத வெயில் மலைமுகட்டுக்கு வந்துவிட்டது. நடு இருட்டில் இரண்டு வளையங்கள். கரிய தண்ணீரில் மிதக்கும் இரண்டு மோதிரங்கள் மாதிரி, பள்ளத்துக்குள் இருக்கும் சின்னப் பள்ளங்களின் விளிம்புகள், சி என்றும் டி என்றும் எழுத்து கொடுத்திருக்கிறார்கள். டி சுமார் 28 கிலோமீட்டர், சி சுமார் 21. கிளாவியஸின் கண்கள் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. இருட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது.

அந்த அட்சத்தில் விடியல் கோடு மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது, மெதுவாக ஜாகிங் போகிறவர் வேகம். அதனால் கிளாவியஸின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு விடிந்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. நமக்கோ ஒரு ராத்திரியில் கிடைப்பது ஆறேழு மணி நேரம், நவமி நிலா ஒரு மணி வாக்கில் மறைந்துவிடும். உட்கார்ந்து பார்த்தால் மாற்றம் தெரியாது, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தெரியும்.

மறுநாள் தசமியில் பார்த்தபோது வேறு ஊர். தரையெல்லாம் வெயில், உள்ளே இருக்கும் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. தென்கிழக்குச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும் ரூதர்ஃபர்ட், ஐம்பது கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து ஆரம்பித்து வில் போல வளைந்து டி, சி, என், ஜே, ஜேஏ என்று ஒன்றைவிட ஒன்று சின்னதாக, கொலுப்படியில் பொம்மை அடுக்கின மாதிரி இறங்குகின்றன. கடைசியில் இருக்கும் ஜேஏ எட்டு கிலோமீட்டர்தான், என் டெலஸ்கோப்பில் காற்று அடங்கிய நேரத்தில் மட்டும் பிடிபட்டது. இந்த அழகான வரிசையைப் பார்த்தால் யாரோ திட்டம் போட்டுச் செய்த மாதிரி இருக்கும். தற்செயல்தான். வெவ்வேறு காலத்தில் விழுந்த வெவ்வேறு கற்கள். ரூதர்ஃபர்ட் இவற்றில் ரொம்ப இளையது, அது வாரியடித்த மண் கிளாவியஸின் தரையில் வரிவரியாகக் கிடக்கிறது. இருந்தாலும் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு கண் பரிசோதனை அட்டை: எந்தப் பள்ளம் வரை தெரிகிறது என்று பார்த்தால் கண்ணாடியின் தரமும் அன்றைய காற்றின் தரமும் தெரிந்துவிடும்.

வடகிழக்குச் சுவரில் ரூதர்ஃபர்டுக்கு ஜோடியாக இன்னொன்று, போர்ட்டர். முன்னால் வெறும் கிளாவியஸ் பி என்று இருந்ததற்குப் பிற்பாடு வைத்த பெயர். ரசல் போர்ட்டர் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்க்காரர், வடதுருவப் பயணமெல்லாம் போய்விட்டு ஊருக்குத் திரும்பி, 1920-இல் அங்கிருந்த மெஷின் ஷாப் தொழிலாளிகளைச் சேர்த்து உட்காரவைத்து, கையால் கண்ணாடி தேய்த்து டெலஸ்கோப் செய்யக் கற்றுக்கொடுத்தவர். பின்னால் பாலோமர் மலையின் 200 அங்குல டெலஸ்கோப் வேலையிலும் இருந்தார். வீட்டு மாடியில் டெலஸ்கோப் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் ஒருவகையில் குலதெய்வம். ரூதர்ஃபர்டும் அந்த ஜாதிதான், நியூயார்க்கில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1860-களிலேயே நிலவைப் போட்டோ எடுத்தவர்.

இத்தனை பிரம்மாண்டம் சொல்லிவிட்டேன், இப்போது கொஞ்சம் இறக்கிவிடுகிறேன். கிளாவியஸின் ஆழம் மூன்றரை கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அகலம் 231. இதை முப்பது சென்டிமீட்டர் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருக்கினால் ஆழம் அரை சென்டிமீட்டர்கூட வராது. தாம்பாளம்கூட இல்லை, தோசைக்கல்! நிழல்தான் அதைக் கிணறாகக் காட்டுகிறது. இன்னொன்று, நிலா சின்னது, அதன் வளைவு அதிகம். கிளாவியஸின் நடுவில் நிற்கும் ஒருவரிடமிருந்து சுவர் 115 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரத்துக்குள் நிலவின் தரை மூன்றே முக்கால் கிலோமீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. மூன்றரை கிலோமீட்டர் சுவர் அதற்குள் முங்கிப்போகும். அதாவது நிலவின் மாபெரும் பள்ளம் ஒன்றின் நட்டநடுவில் நின்றுகொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒரு பள்ளத்தையும் காணோமே, நல்ல சமவெளியாக இருக்கிறதே என்று அந்த ஆள் சொல்லலாம். பக்கத்துச் சின்னப் பள்ளங்களின் கரை வேண்டுமானால் தெரியும். பாதர் கிளாவியஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், நான் அப்போதே சொல்லவில்லையா என்று கேட்டிருப்பார்.

அது நிஜத்தில் வட்டமும்தான். நமக்கு முட்டை வடிவமாகத் தெரிவது, நிலாப் பந்தின் ஓரத்தில் சாய்ந்து கிடப்பதால். மோதிய கல் சாய்வாக வந்தாலும் நேராக வந்தாலும் பள்ளம் வட்டமாகத்தான் விழும், ரொம்பப் படுக்கைவாட்டில் உரசினால் ஒழிய. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் பாறை மண்வெட்டி போலத் தோண்டுவதில்லை, குண்டு போல வெடிக்கிறது, வெடிப்புக்குத் திசை கிடையாது.

அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிளாவியஸின் கதை பாதிதான். ரிச்சியோலி தன் சபைக்காரர்களையெல்லாம் அந்தத் தெருவிலேயே குடிவைத்துவிட்டார். தெற்கே குரூம்பெர்கர், இவர்தான் அந்த ஏப்ரல் கடிதத்தில் கூடக் கையெழுத்துப் போட்டவர், கிளாவியஸுக்குப் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர். நிலவிலும் அடுத்த வீடு. அதற்கும் தெற்கே மோரெட்டஸ், நடுவில் ஒரு கூர்மையான மலையோடு, என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்திலேயே அழகான பள்ளம் அதுதான். தென்மேற்கே பிளாங்கானஸ், அதையடுத்து ஷைனர், சூரியப் புள்ளியை முதலில் கண்டது யார் என்று கலிலியோவோடு மல்லுக்கு நின்ற அதே ஷைனர். வடகிழக்கே மாகினஸ், இவர் சபைக்காரர் இல்லை, ஆனால் போலோன்யா பல்கலைக்கழகத்தில் கலிலியோவும் கேட்டிருந்த பேராசிரியர் வேலை கிடைத்தது இவருக்குத்தான். கலிலியோவுக்குப் பிடிக்காதவர்கள் சங்கம் மாதிரி ஒரு தெரு. வடக்கே சுமார் 460 கிலோமீட்டரில் டைக்கோ, அது விழுந்தபோது சிதறிய கற்கள் கிளாவியஸின் தரை வரை வந்து குட்டிக் குட்டிக் குழிகளைப் போட்டிருக்கின்றன.

கடைசியாக ஒன்று, தண்ணீர். நம் சந்திரயான்-1 கொண்டுபோன நாசாவின் கருவி ஒன்று 2009-இல் நிலவு மண்ணில் தண்ணீருக்கான அறிகுறியைக் காட்டியது ஞாபகம் இருக்கும். ஆனால் அது பார்த்த மூன்று மைக்ரான் அலைநீளத்தில் தண்ணீரும், ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிலும் ஒரே மாதிரி தெரியும், எது எது என்று பிரிக்க முடியாது. ஆறு மைக்ரானில் தண்ணீர் மூலக்கூறுக்கு மட்டும் தனி அடையாளம் உண்டு, ஆனால் பூமியின் தரையிலிருந்து பார்த்தால் நம் காற்றில் இருக்கும் ஈரமே அதை மறைத்துவிடும், அந்த ஈரத்துக்கு மேலே போயாக வேண்டும். நாசாவும் ஜெர்மானியரும் சேர்ந்து ஒரு போயிங் 747 விமானத்தின் பக்கவாட்டில் கதவு வெட்டி, உள்ளே டெலஸ்கோப் வைத்துப் பறக்கவிட்டிருந்தார்கள், சோஃபியா என்று பெயர். 2018 ஆகஸ்டில் அது முதன்முறையாக நிலவைப் பார்த்தது, சோதனை மாதிரிதான். பார்த்த இடம் கிளாவியஸ். கேஸி ஹானிபால் குழுவினர் 2020 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள்: தண்ணீர் இருக்கிறது, மண்ணில் பத்து லட்சம் பங்குக்கு 100 முதல் 412 பங்கு வரை. ஒரு கன மீட்டர் மண்ணைப் பிழிந்தால் ஒரு சின்ன பாட்டில் அளவு, சஹாரா மண்ணில் இதைப்போல நூறு மடங்கு ஈரம் இருக்கும். அதிசயம் அளவில் இல்லை, இடத்தில். வெயிலே படாத துருவக் குழிகளில் பனி இருக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், கிளாவியஸோ பதினைந்து நாள் வெயிலில் காயும் இடம், துருவத்திலிருந்து 950 கிலோமீட்டர் தள்ளி. கல் மோதி உருகிய கண்ணாடித் துகளுக்குள்ளோ, மண் துகள்களுக்கு நடுவிலோ ஒளிந்திருப்பதால் வெயிலுக்குத் தப்பியிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம்.

அடுத்த மாத நவமிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒன்பதரை மணிக்கு, காய்ந்த துணியை எடுக்க அத்தை மாடிக்கு வந்தார். "என்னடா, இருட்டுல?" என்றார். "வாங்க அத்தை, ஒரு நிமிஷம் பாருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவா வேண்டாமா என்று கொஞ்ச நேரம், ஃபோகஸ் திருகைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம். அப்புறம் சத்தமே இல்லை. தோளில் துணியோடு அப்படியே குனிந்திருந்தார். "ரெண்டு வளையல் கெடக்கு" என்றார். நானாக அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

துணியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு அவராகவே மறுபடி ஏறி வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "டேய், முன்ன ரெண்டுதான இருந்துச்சு? பக்கத்துல இப்ப புதுசா ஒரு பொட்டு மொளைச்சிருக்கு பாரு." பார்க்கலாம் என்றால் அவர் எழுந்திருக்கவில்லை. நிலா காட்சியை விட்டு நழுவும்போதெல்லாம் "இந்தா, ஓடுது, ஓடுது" என்று என்னைக் குழாயைத் தள்ளச் சொன்னார். தள்ளிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.